கூரையில் வெப்பமானி, முன்னால் இடிமுகில்

'ட்விஸ்டர்' படத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் வட்டத்தில் குறைவு. 1996இல் வந்த படம். எங்களில் ஒருத்தரும் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு விடுமுறை நாளில் ரீவியில் போகும்போது பாதியிலிருந்தாவது பார்த்திருப்போம். 'டோரத்தி' என்று பெயர் வைத்த ஒரு பெரிய பரலை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு, டொர்னாடோவுக்கு முன்னால் போய், அதன் பாதையில் பரலை இறக்கிவிட்டு ஓடிவருவதுதான் கதை. பரலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உணரிகளை காற்று மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் இழுத்துக்கொண்டு போகிறது. எல்லோரும் கட்டிப்பிடிக்கிறார்கள்.

அந்தப் பரல் கற்பனை இல்லை. அப்படி ஒன்று உண்மையில் இருந்தது. ஆனால் படம் வருவதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்பே, 1987இல், அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். சரிவரவில்லை. சரிவந்தது வேறொன்று: சாதாரண கார்களின் கூரையில் ஒரு கம்பிச் சட்டகம் பூட்டி, அதில் வெப்பமானியும் காற்றுவேகமானியும் வைத்து, இடிமழையின் பின்பக்கத்தில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டு திரிந்தது. இதைப் படமாக எடுத்தால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். அதனாலேயே எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. எங்களுடைய பத்திரிகைகள் பலத்த காற்றில் நாலு கூரைத் தகரம் பறந்தாலே 'மினி சூறாவளி' என்று எழுதிவிடும். சூறாவளி என்பது கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்தில், நாள்கணக்கில் நகர்வது. டொர்னாடோ அதன் குட்டி இல்லை. அது ஒரு தனி இடிமுகிலின் அடியிலிருந்து நிலத்தைத் தொடும் காற்றுத்தூண். அகலம் பெரும்பாலும் சில நூறு மீற்றர்கள். பல டொர்னாடோக்களின் ஆயுள் பத்து நிமிடத்தைக்கூடத் தாண்டுவதில்லை. இந்தக் கட்டுரைக்குத் தேவையான முக்கிய தகவல் இதுதான்: அது சிறியது, சீக்கிரம் முடிந்துவிடும், எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இந்தப் பிரச்சினை கொஞ்சம் பழக்கமானது. ஆவணம் இருக்கும் இடத்தில்தான் நிகழ்வு இருக்கிறது. ஒரு ஊரில் என்ன நடந்தாலும், கச்சேரிக்கு ஒரு கடிதம் போகவில்லை என்றால், நூறு வருடம் கழித்து வருகிறவனுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. வானிலையும் அப்படித்தான். வானிலை நிலையத்துக்கு மேலால் போன மழை பதிவாகும். இரண்டு நிலையங்களுக்கு நடுவால் போனது பதிவாகாது. ஒக்லஹோமா மாநிலம் 1994இல் அமைத்த நிலைய வலையமைப்பு உலகத்திலேயே அடர்த்தியானவற்றில் ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள். அப்படியிருந்தும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம். சில நூறு மீற்றர் அகலமான ஒன்று அந்த இடைவெளிக்குள்ளால் எத்தனை தரமும் போய்வரலாம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்கா இந்த இடைவெளியை ஒருக்கா காசைக் கொட்டி அடைக்கப் பார்த்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஹொரஸ் பையர்ஸ் தலைமையில் 1946இல் ஃபுளோரிடாவிலும் 1947இல் ஒஹையோவிலும் 'இடிப்புயல் திட்டம்' நடந்தது. இடிமுகிலுக்குள் விமானங்கள் விழுந்துகொண்டிருந்தது அதற்கு ஒரு உடனடிக் காரணம். போரில் மிஞ்சிய பி-61 இரவுப் போர்விமானங்களை வெவ்வேறு உயரங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடிமுகிலுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை ஓட்டினார்கள். கீழே நிலத்தில் நெருக்கமாக நிலையங்கள். இடிமுகில் வளர்ந்து, முதிர்ந்து, கலைவது என்ற மூன்று கட்டங்களை இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் படிக்கிறோமே, அது இங்கிருந்துதான் வந்தது. ஆனால் ஃபுளோரிடாவின் பின்னேர மழை வேறு, சமவெளிகளில் சுழன்றுகொண்டே மணிக்கணக்கில் நகரும் பெரிய இடிமுகில் வேறு. பின்னதை நிலையங்களுக்கு நடுவில் குந்தியிருந்து பிடிக்க முடியாது.

இதே காலத்தில் யப்பானில் டெட்சுயா ஃபுஜிட்டா என்ற இளம் ஆய்வாளர், கியூஷுவில் உள்ள செபுரி மலையில் ஒரு இடிப்புயலை அளந்து தனியாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அந்த மலையில் இருந்த அமெரிக்க ராடார் நிலையத்தின் குப்பைக்கூடையில் பையர்ஸின் கட்டுரை ஒன்று கிடந்திருக்கிறது. அது எப்படியோ ஃபுஜிட்டாவின் கைக்கு வந்தது. வாசித்துப் பார்த்தால், தான் கண்டுபிடித்ததையே கடலுக்கு அந்தப் பக்கத்திலும் ஒருவர் கண்டிருக்கிறார். தன் கட்டுரையை பையர்ஸுக்கு அனுப்பினார். 1953இல் சிக்காகோவுக்குப் போனார். குப்பைக்கூடை ஒரு ஆவணக் காப்பகமாக மாறிய இந்தச் சம்பவம் எங்களுக்குச் சரியான பிடித்தம்.

ஃபுஜிட்டாவை இங்கே கொண்டுவந்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது. 1945இல் அணுகுண்டு விழுந்த பிறகு நாகசாகிக்குப் போய் அழிவை ஆய்வு செய்தவர்களில் அவரும் ஒருவர். அழிவு விட்டுச்சென்ற தடயங்களிலிருந்து குண்டு எங்கே, எந்த உயரத்தில் வெடித்தது என்று கணக்கிடுவது அவர்களின் வேலை. பிறகு அமெரிக்காவில் டொர்னாடோ போன ஊர்களிலும் அதையே செய்தார். உடைந்த வீட்டைப் பார்த்துக் காற்றின் வேகத்தை ஊகிக்கும் 'எஃப்' அளவுகோலை 1971இல் வெளியிட்டார். வேகத்தை நேரடியாக அளக்க வழியில்லாத நேரத்தில் அது பெரிய சாதனை. ஆனால் அந்த அளவுகோலில் ஒரு ஓட்டை உண்டு. உடைய வீடு இருந்தால்தான் புயலுக்கு இலக்கம் கிடைக்கும். வெறும் வயல்வெளியில் போன டொர்னாடோ எவ்வளவு பயங்கரமானதாக இருந்தாலும் அது தாள்களில் சின்னதாகத்தான் இருக்கும். இதற்குத் திரும்ப வருவோம்.

காரில் வெப்பமானி பூட்டுகிற யோசனை புயல்காரர்களுடையது அல்ல. 1927இல் வியன்னாவில் வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற ஆய்வாளர் ஒரு மோட்டார் காரில் வெப்பமானியோடு நகரத்தைச் சுற்றி ஓடி, நகரத்தின் நடுப்பகுதி வெளியோரத்தைவிட எவ்வளவு சூடு என்று வரைபடம் போட்டார். நகர வெப்பத்தைப் பற்றிய படிப்பு முழுக்க இந்த வழியில் வளர்ந்தது. அங்கே கார் ஓடத்தான் வேண்டும், ஆனால் நகரம் ஓடாது. புயல் என்றால் இரண்டும் ஓடும்.

புயலுக்குப் பின்னால் காரில் போனவர்கள் முதலில் கருவிகளோடு போகவில்லை. 1961இல் நீல் வார்ட் ஒக்லஹோமா நெடுஞ்சாலைப் பொலிசாரோடு போய், வானொலியில் ராடார் அறையோடு கதைத்தபடி ஒரு புயலைப் பின்தொடர்ந்தார். அறிவியலுக்காகப் புயலைத் துரத்தியதில் இதையே முதலாவதாகச் சொல்வார்கள். 1964இல் ஒக்லஹோமாவின் நோர்மன் நகரத்தில் தேசிய கடும்புயல் ஆய்வுகூடம் தொடங்கியது. 1972இலிருந்து அங்கிருந்து மாணவர்களும் ஆய்வாளர்களும் ஒழுங்காகக் கிளம்பிப் போனார்கள். கையில் இருந்தது கமரா. 1973 மே 24 அன்று யூனியன் சிற்றி என்ற சின்ன ஊரைத் தாக்கிய டொர்னாடோவை அது பிறந்ததிலிருந்து கயிறுபோல மெலிந்து மறையும்வரை படம்பிடித்தார்கள். அதே நேரத்தில் நோர்மனில் இருந்த டொப்ளர் ராடாரும் அதே முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, டொர்னாடோ நிலத்தைத் தொடுவதற்கு முன்பே முகிலின் நடுவில் ஒரு சுழற்சி அடையாளம் ராடாரில் விழுந்திருப்பது தெரிந்தது. 1990களில் அமெரிக்கா முழுக்க டொப்ளர் ராடார்கள் போடப்பட்டதற்குப் பின்னால் இந்தக் கண்டுபிடிப்பு இருக்கிறது. ராடார் சொன்னதை நிலத்தில் நின்று 'ஓம், அந்த நேரத்தில் அங்கே இதுதான் நடந்தது' என்று சாட்சி சொன்னவர்கள் காரில் போனவர்கள்.

இனிப் பரலின் கதை. அதன் பெயர் 'டோட்டோ', 'ஒஸ்' கதையில் வரும் டோரத்தியின் நாய்க்குட்டியின் பெயர். 55 கலன் பரல் ஒன்றுக்குள் வெப்பநிலை, வளியமுக்கம், காற்று என்பவற்றை அளக்கும் கருவிகளைப் பூட்டியிருந்தார்கள். எடை நூறு கிலோவுக்கும் மேல். 1981இலிருந்து ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஹொவார்ட் புளூஸ்டைன் குழுவும், பிறகு 1984, 85இல் ஆய்வுகூடமும் இதைக் காவிக்கொண்டு திரிந்தன. டொர்னாடோவின் பாதையைக் கணிக்க வேண்டும், அந்தப் பாதையைக் குறுக்காக வெட்டும் ரோட்டு இருக்க வேண்டும், அங்கே முந்திப் போய்ச் சேர வேண்டும், சறுக்குப்பலகையில் பரலை உருட்டி இறக்கி ஆளியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஒரு தடவையும் நடுவில் மாட்டவில்லை. ஆகக் கிட்ட வந்தது 1984 ஏப்ரல் 29, ஆர்ட்மோர் ஊருக்கு அருகே. ஒரு பலவீனமான டொர்னாடோவின் ஓரம் உரசிக்கொண்டு போனது. பரல் விழுந்துவிட்டது. பாரம் மேல்பக்கம் கூடிவிட்டதால் உண்மையான டொர்னாடோவுக்கு அது நிற்கவே நிற்காது என்று அப்போது விளங்கியது.

பரலின் பிழை அதன் வடிவத்தில் மட்டும் இல்லை என்பது எங்கள் எண்ணம். கேள்வியும் கொஞ்சம் பிழைத்துவிட்டது. டொர்னாடோவின் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பரல்தான் வேண்டும். ஆனால் மக்களுக்குத் தேவைப்பட்ட பதில் அது இல்லை. ஒரே மாதிரிச் சுழலும் இரண்டு இடிமுகில்கள் இருக்கின்றன. ஒன்று டொர்னாடோவைப் போடுகிறது, மற்றது சும்மா மழை பெய்துவிட்டுப் போகிறது. ஏன்? இதற்குப் பதில் இல்லாததால், எச்சரிக்கை கொடுக்கும் அலுவலர் சுழற்சியைக் கண்டவுடன் எல்லாவற்றுக்கும் சைரனை ஊத வேண்டியிருந்தது. பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் வராது. இன்றைக்கும் அமெரிக்க டொர்னாடோ எச்சரிக்கைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பொய்த்துப் போகின்றன. நாலு தரம் ஓடி ஒளித்து ஒன்றும் நடக்காவிட்டால் ஐந்தாம் தரம் யார் எழும்பி ஓடுவார்கள்? சுனாமி வதந்திக்கு ஓடிக் களைத்த கரையோரச் சனத்தைக் கேட்டால் தெரியும்.

இந்தக் கேள்வியோடு 1994, 1995 ஆண்டுகளின் வசந்தகாலத்தில் 'வோர்டெக்ஸ்' என்ற திட்டம் இறங்கியது. எரிக் ராஸ்முசன் இயக்குநர். விமானங்கள், பலூன் வண்டிகள், கமரா வண்டிகள் எல்லாம் இருந்தன. அவற்றோடு ராஸ்முசனும் ஜெரி ஸ்ட்ராக்காவும் சேர்ந்து செய்த ஒரு புதுச் சாமான்: நகரும் வானிலை நிலையங்கள். பத்துக்கும் மேற்பட்ட சாதாரண கார்கள். ஒவ்வொன்றின் கூரையிலும் சட்டகம். அதன் உச்சியில், நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரத்தில், விசிறியோடு கூடிய காற்றுவேகமானி. வெயிலும் மழையும் நேரே படாமல் வளைந்த குழாய் ஒன்றுக்குள் வெப்பநிலை, ஈரப்பதன் உணரிகள். அமுக்கத்துக்குத் தனித் துவாரம். உள்ளே ஒரு கணினி, சில செக்கன்களுக்கு ஒருக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். பிறகு ஜீபீஎஸ். எங்களுக்கு அது ஃபோனில் இருக்கும் சின்ன நீலப் புள்ளி. 1994இல் அது புதினம். அது இல்லாமல் இந்த முயற்சியே இல்லை. ஓடும் காரில் எடுத்த அளவுக்கு, அந்த நேரத்தில் கார் எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால், ஒரு பெறுமதியும் கிடையாது.

கேட்க லேசாக இருக்கும். ஆனால் ஓடும் கார் பொய் சொல்லும். காற்றே அசையாத நேரத்தில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், கூரையில் இருக்கும் கருவி 80 கிலோமீற்றர் எதிர்காற்று என்று காட்டும். பின்னாலிருந்து 30 கிலோமீற்றர் வேகக் காற்று அடித்தால், 50 கிலோமீற்றர் எதிர்காற்று என்று சொல்லும். ஆகவே ஒவ்வொரு கணத்திலும் காரின் வேகத்தையும் திசையையும் கழிக்க வேண்டும். பிரேக் பிடித்தால், வளைவில் திரும்பினால், சட்டென்று வேகம் கூட்டினால் கணக்குக் குழம்பும். அந்த அளவுகளை அப்படியே வீச வேண்டும். குழாய்க்குள் இருக்கும் வெப்ப உணரி மெதுவானது. சூடான காற்றிலிருந்து குளிர்ந்த மழைக்குள் நுழைந்தால் அது உணர்வதற்குள் கார் ஒரு துண்டுத் தூரம் போய்விடும். ஒவ்வொரு காரும் சற்று வேறு விதமாகப் பொய் சொல்லும். அதனால் புயல் இல்லாத நேரத்தில் எல்லாக் கார்களையும் ஒன்றாக ஓடவிட்டு, யார் எவ்வளவு கூட்டிச் சொல்கிறார், குறைத்துச் சொல்கிறார் என்று பார்த்து, அதைப் பிறகு திருத்தினார்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது மாதிரித்தான்.

கார்களை டொர்னாடோவின் முன்னால் நிறுத்தவும் இல்லை. ஒவ்வொரு காருக்கும் புயலின் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். நீ முன்பக்க மழைக்குள், நீ சூடான காற்று உள்ளே வரும் பக்கம், நீ பின்பக்கம். பின்பக்கம்தான் ஆக முக்கியமானது. சுழலும் இடிமுகிலின் பின்னால் ஒரு காற்று மேலிருந்து கீழே இறங்கி, சுழற்சியைச் சுற்றிக் கொக்கிபோல வளைந்து வரும். இந்த இறங்குகாற்று மழையால் குளிர்ந்து பாரமாகி விழுவது என்று பலரும் நினைத்திருந்தார்கள். சூடும் குளிரும் மோதினால்தானே சண்டை என்பது அந்த நினைப்பின் அடி.

கார்கள் கொண்டுவந்த கணக்கு இதற்கு எதிராக இருந்தது. வோர்டெக்ஸிலும் அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலும் சேர்ந்த அளவுகளை வைத்து, பால் மார்க்கோவ்ஸ்கி, ஸ்ட்ராக்கா, ராஸ்முசன் மூவரும் 2002இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பலமான டொர்னாடோவைப் போட்ட முகில்களில் அந்த இறங்குகாற்று அவ்வளவு குளிரவில்லை. சுற்றியுள்ள காற்றைவிடக் கொஞ்சம்தான் குளிர்ச்சி, சில நேரம் அதுவும் இல்லை. டொர்னாடோ போடாத முகில்களில்தான் அது நன்றாகக் குளிர்ந்திருந்தது. காரணம் யோசித்தால் விளங்கும். கையை விரித்துச் சுற்றும் பிள்ளை கையை உடம்போடு ஒடுக்கினால் வேகம் கூடும். நிலத்துக்கு அருகில் இருக்கும் மெதுவான சுழற்சி டொர்னாடோவாக வேண்டுமென்றால், மேலே போகும் காற்று அதைப் பிடித்து இழுத்து நீட்டி ஒடுக்க வேண்டும். குளிர்ந்த காற்று பாரம். அதை மேலே தூக்க முடியாது. நிலத்தில் பரந்துவிடும்.

சில பாகை வித்தியாசம்தான். ராடாருக்குத் தெரியாது, செய்மதிக்குத் தெரியாது. 30 கிலோமீற்றருக்கு ஒன்றாக நிற்கும் நிலையங்களுக்கும் பெரும்பாலும் தெரியாது. காரின் கூரையில் இருக்கும் வெப்பமானிக்குத் தெரிந்தது. இது முழுப்பதில் இல்லை. பின்காற்று குளிராமல் இருந்தும் ஒன்றும் போடாத முகில்கள் உண்டு. ஆனால் கேள்வி இடம்மாறியது. டொர்னாடோவின் நடுவைப் பார்த்தவர்கள், அதன் ஓரத்தில் பெய்யும் மழையின் சூட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நகரும் ராடாரின் கதை எல்லோரும் எழுதுவது, ஆகவே சுருக்கமாக. புளூஸ்டைன் குழு தூக்கிச் செல்லக்கூடிய ராடார் ஒன்றை வைத்து 1991 ஏப்ரல் 26 அன்று ஒக்லஹோமாவின் ரெட் ரொக் அருகே செக்கனுக்கு 120 மீற்றருக்கும் கூடிய வேகத்தை அளந்தது. 1995இல் ஜோஷுவா வூர்மன் லொறியின் முதுகில் முழு டொப்ளர் ராடாரையே ஏற்றினார், டிஷ்ஷும் சுற்றிக்கொண்டே வரும். அந்த வகை லொறிதான் 1999 மே 3 அன்று ஒக்லஹோமா நகரத்தின் அருகே, பிரிட்ஜ் கிறீக்கிலும் மூரிலும் 36 பேரைக் கொன்ற டொர்னாடோவில், மணிக்கு ஏறத்தாழ 300 மைல் வேகத்தைப் பதிவு செய்தது. நிலத்துக்கு அருகே அதுவரை யாரும் அளந்திராத வேகம்.

இந்த லொறிகளால் ஃபுஜிட்டாவின் ஓட்டை வெளியே வந்தது. வூர்மனும் கரன் கொசிபாவும் சகாக்களும் பல வருடங்களாகச் சேர்த்த ராடார் அளவுகளை 2021இல் தொகுத்துப் பார்த்தார்கள். அழிவை வைத்துக் கொடுத்த இலக்கம், உண்மையான காற்றைவிடச் சராசரியாக ஒரு படிக்கும் மேலே குறைவாக இருந்தது. ஊர் இல்லாத இடத்தில் போன புயல்களை 'பலவீனம்' என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் எங்கே எவ்வளவு ஆபத்து, கட்டடம் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போடுகிறார்கள். ஆவணத்தில் உள்ள மௌனம் பிறகு கொள்கையாக மாறுவது கலைப்பீடத்துக்கு மட்டும் உரிய சங்கதி இல்லைப்போல.

ஆனால் கார் போகிற இடத்துக்குத்தான் கருவியும் போகும். ஒக்லஹோமா, கன்சாஸ் வரைபடத்தை ஒருக்கா திறந்து பாருங்கோ. சதுரக் கோட்டுக் கொப்பி மாதிரி இருக்கும். ஒவ்வொரு மைலுக்கும் வடக்கு-தெற்காக ஒன்று, கிழக்கு-மேற்காக ஒன்று. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டத்தோடு தொடங்கிய அளவீடு இது. நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக வெட்டி விற்பதற்கு. ஒக்லஹோமா 'இந்தியப் பிரதேசம்' என்று ஒதுக்கப்பட்ட நிலம். 1830களில் தென்கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட பழங்குடி மக்களைக் கொண்டுவந்து விட்ட இடம். பிறகு 1889 ஏப்ரல் 22 அன்று அதன் நடுப்பகுதியைத் திறந்துவிட்டு, ஓடிப்போய்ப் பிடிக்கிறவனுக்கே காணி என்றார்கள். அந்தச் சதுரங்களின் ஓரம்தான் இன்றைய ரோட்டு. மரமில்லாத சமவெளி, மைலுக்கு மைல் ரோட்டு, எந்தப் பக்கத்தாலும் புயலைச் சுற்றி வரலாம். நகரும் வானிலை நிலையம் அங்கே பிறந்ததற்கு முகில்கள் மட்டும் காரணமில்லை. காணி பிடித்தவர்களின் நில அளவையாளனும் காரணம். புயல் ஆய்வு பற்றிய கட்டுரைகளில் இதைப் பெரிதாக யாரும் சொல்வதில்லை.

அதே ரோட்டுகளில்தான் டிம் சமராஸ் இறந்தார். பரலால் முடியாததைச் செய்தவர் அவர். தாழ்வான கூம்பு வடிவத்தில், காற்று தன்னையே நிலத்தோடு அழுத்தும் மாதிரி ஒரு கருவியைச் செய்து, 2003 ஜூன் 24 அன்று தென் டகோட்டாவின் மான்செஸ்டரில் டொர்னாடோவின் பாதையில் வைத்தார். வளியமுக்கம் 100 மில்லிபார் விழுந்தது பதிவானது. அவரின் குழுவிலும் கூரையில் சட்டகம் பூட்டிய கார்கள் ஓடின. துரத்துபவர்களிடையே நிதானமானவர் என்று பெயரெடுத்தவர். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரெனோ அருகே டொர்னாடோ வேகமாக அகன்று, திசை திரும்பி, அவர்களின் காரை எடுத்தது. அவரும் மகன் பாலும் சகா கார்ல் யங்கும் இறந்தார்கள். 2.6 மைல் அகலம் வரை போன டொர்னாடோ அது. அன்றைக்கு அது கொன்ற எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். நகரும் ராடார்கள் அதற்குள் அதிகூடிய வகைக் காற்றை அளந்திருந்தன. ஆனால் போன பாதை பெரும்பாலும் வயல். ஆகவே அதன் உத்தியோகபூர்வ இலக்கம் இன்றைக்கும் மூன்று.

2009, 2010இல் 'வோர்டெக்ஸ் 2' நடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட வாகனங்கள், நூறுக்கும் மேற்பட்ட ஆட்கள். முதல் வருடம் முகில்கள் ஒத்துழைக்கவில்லை. வாரக்கணக்கில் ஓடி, 2009 ஜூன் 5 அன்று வயோமிங்கின் கோஷன் மாவட்டத்தில் கிடைத்த ஒன்றே ஒன்றுதான் அந்த வருடத்தின் பலன். அந்த ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எல்லாக் கருவிகளும் பார்த்தன. ஆட்கள் அதைப்பற்றி இன்றும் கட்டுரை எழுதுகிறார்கள். நல்லது. ஆனால் 2011 ஏப்ரல் 27 அன்று ஒரே நாளில் அலபாமா மாநிலத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை டொர்னாடோக்கள் கொன்றன. அங்கே சதுர ரோட்டு இல்லை. மலையும் காடும், வளைந்து போகும் ஒற்றைப் பாதைகளும்தான். டொர்னாடோக்கள் பலதும் இருட்டில் வரும், மழைக்குள் மறைந்து வரும். நிறையப் பேர் இருப்பது அத்திவாரத்தோடு சரியாகப் பிணைக்காத நகரும் வீடுகளில். எங்களுக்குக் கிட்டச் சொன்னால், உலகத்தில் ஒரே டொர்னாடோவால் ஆகக்கூடியவர்கள் இறந்தது 1989 ஏப்ரல் 26, வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில். ஏறத்தாழ 1,300 பேர். அதற்கு முன்னாலும் பின்னாலும் கூரையில் வெப்பமானி பூட்டிய கார் ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பின்காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று ஒருபோதும் தெரியப்போவதில்லை.

2016இல் வடக்கு அலபாமாவில் தென்கிழக்குக்கான 'வோர்டெக்ஸ்' களப்பணி தொடங்கியது. சமவெளியில் பழகிய முறை அங்கே எடுபடாது. துரத்தினால் மரத்தைத்தான் பார்க்கலாம். ஆகவே மரங்கள் மறைக்காத மேடு, காணிக்காரர் சம்மதிக்கும் வயல், லொறி புதையாத நிலம் என்று முன்கூட்டியே தேடி இடங்களைக் குறித்து வைக்கிறார்கள். முகில் வரும் நாளில் ராடார் லொறியைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தி, கால்களை இறக்கி, இயந்திரத்தைப் போட்டுவிட்டு, இருட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சில இரவுகளில் முகில் பக்கத்து மாவட்டத்தால் போய்விடும்.